தட்டம்மையை மறந்த ஊர்கள்

தடுப்பூசி குறித்த ஒன்பது நம்பிக்கைகளும் உண்மைகளும்

எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். பேத்திக்கு ஒன்பது மாதம் நிறைந்திருந்தது. மகளுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். வாசலில் வேப்பமர நிழல். பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு தாய்மார்கள். எங்களுக்கு முன்னால் இருந்த இளம்பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"இந்த அம்மை ஊசி போட்டா புள்ளைக்குப் பேச்சு வராதாமே நர்சம்மா? எங்க சொந்தக்காரங்க குரூப்புல வீடியோ வந்துச்சு. பொம்பளப் புள்ளைக்குப் போட்டா பின்னால கொழந்தை தங்காதுன்னும் சொல்றாங்க. எங்க அத்தை வேண்டாம்னுதான் சொல்லி அனுப்பினாங்க."

செவிலியர் முகம் சுளிக்கவில்லை. கையிலிருந்த அட்டையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்து, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "அந்த வீடியோவைக் காட்டும்மா, ரெண்டு பேருமாப் பாப்போம்" என்றார். பத்து நிமிடம் பேசினார்கள். வரிசை காத்திருந்தது, யாரும் முணுமுணுக்கவில்லை. எல்லோர் மனத்திலும் இருந்த கேள்வியைத்தான் அவள் கேட்டிருந்தாள். அன்று அவள் ஊசி போடாமலே கிளம்பினாள். "அடுத்த புதன் அத்தையையும் கூட்டிக்கிட்டு வாம்மா, அவங்ககிட்டயும் பேசுறேன்" என்று வாசல்வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார் செவிலியர்.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற பதைப்பில் பிறந்த கேள்விகள் அவை. திட்டினால் அவை அடங்காது. உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். அன்று அவள் கேட்டவற்றையும், அதன்பின் உறவுகளிடமும் நண்பர்களிடமும் நான் கேட்டவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவதே இந்தக் கட்டுரை. தடுப்பூசியால் தடுக்கக்கூடிய நோய்கள் பல இருந்தாலும் தட்டம்மையையே நடுவில் வைக்கிறேன். தடுப்பூசி குறைந்த ஊருக்குள் முதலில் நுழைவது அதுதான்.

நம்பிக்கை 1: "மணல்வாரி எல்லாப் பிள்ளைக்கும் வரும், போகும். அதற்கு எதற்கு ஊசி?"

உண்மை: மணலை வாரி இறைத்ததுபோல் உடலெங்கும் பொரிவதால் நம் ஊர்களில் இதற்கு மணல்வாரி அம்மை என்று பெயர். இலங்கைத் தமிழர் சின்னமுத்து என்பார்கள். பெயர்கள் செல்லமாக இருக்கின்றன, நோய் அப்படிப்பட்டதில்லை. 1963இல் தடுப்பூசி வருவதற்கு முன்பு உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 26 லட்சம் பேரைத் தட்டம்மை கொன்றது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தடுப்பூசி இருக்கும் இந்தக் காலத்திலும், 2023இல் மட்டும் சுமார் 1,07,500 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள்.

கொல்வது பெரும்பாலும் பொரியல்ல, அதற்குப் பின்னால் வரும் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும். காதில் சீழ் வைத்துக் கேட்கும் திறன் போகலாம். ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு மூளையில் வீக்கம் வரும். அரிதாக, நோய் தீர்ந்து ஏழெட்டு ஆண்டுகள் கழித்து, பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும் பிள்ளையின் மூளை மெல்லமெல்லச் செயலிழந்து மரணத்தில் முடிவதும் உண்டு. அதற்கு மருந்தில்லை.

இன்னொரு சேதம் கண்ணுக்குத் தெரியாது. இதுவரை வந்துபோன கிருமிகளை உடல் நினைவில் வைத்திருக்கிறது. அந்த நினைவுதான் நோய் எதிர்ப்பு. தட்டம்மை அந்த நினைவையே அழிக்கிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் ரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் ஆராய்ந்து 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் உடலில் இருந்த எதிர்ப்புப் பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடுவரை காணாமல் போயிருந்தன. அம்மை இறங்கிய பிள்ளை அடுத்த ஓரிரு வருடம் அடிக்கடி நோயில் விழுவதைப் பாட்டிமார்கள் பார்த்திருக்கிறார்கள். "அம்மை உருக்கிட்டுப் போயிடுச்சு" என்று அவர்கள் சொன்னதற்கு இன்று விளக்கம் கிடைத்திருக்கிறது.

நம்பிக்கை 2: "இது அம்மன் வந்து இறங்குவது. வேப்பிலை போதும், மருத்துவரிடம் போனால் தெய்வக் குற்றம்."

உண்மை: வாசலில் வேப்பிலை செருகி, வெளியாரை உள்ளே விடாமல், பிள்ளையைத் தனி அறையில் படுக்கவைத்து, இளநீரும் மோரும் கொடுத்த நம் முன்னோர் வழக்கத்தில் நிறைய அறிவு இருந்தது. நோயாளியைத் தனிமைப்படுத்துவதும் நீர் குறையாமல் பார்த்துக்கொள்வதும் இன்றைய மருத்துவமும் சொல்வதே. வழிபட விரும்புகிறவர்கள் வழிபடட்டும். எந்த மருத்துவமும் அதற்குக் குறுக்கே நிற்காது.

ஆனால் வேப்பிலையால் முடியாத இரண்டு உண்டு. தட்டம்மை, பொரி தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பரவத் தொடங்கிவிடுகிறது. வெறும் காய்ச்சல், இருமல், சிவந்த கண் என்று இருக்கும் அந்த நாட்களில் பிள்ளை பள்ளிக்கும் போயிருக்கும், கல்யாண வீட்டுக்கும் போயிருக்கும். வாசலில் வேப்பிலை ஏறும்போது காலம் கடந்திருக்கிறது. இரண்டாவது, மூச்சு வாங்கினாலோ, விலா உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ வீட்டில் வைத்துக் காத்திருப்பது உயிருக்கு ஆபத்து. தட்டம்மை வந்த குழந்தைக்கு அடுத்தடுத்த இரண்டு நாட்கள், வயதுக்கேற்ற அளவில் வைட்டமின் ஏ கொடுக்கவேண்டும். கண்பார்வையையும் உயிரையும் காக்கும் எளிய மருந்து அது.

வைட்டமின் ஏ இருக்கும்போது ஊசி எதற்கு என்று சிலர் எதிர்முனைக்கும் போகிறார்கள். நோயின் கடுமையை அது குறைக்கும். நோய் வராமல் தடுக்காது. 2025இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் தட்டம்மை பரவியபோது, அதைத் தடுப்பதாக எண்ணிப் பெற்றோர் வீட்டிலேயே அளவில்லாமல் வைட்டமின் ஏ கொடுத்ததில் சில குழந்தைகளின் கல்லீரல் பாதிக்கப்பட்டது.

நம்பிக்கை 3: "இந்த நோயெல்லாம் எப்போதோ ஒழிந்துவிட்டதே!"

உண்மை: உலகத்திலிருந்து முழுதாக ஒழிந்த மனித நோய் ஒன்றே ஒன்று, பெரியம்மை. மற்றவை தடுப்பூசி என்ற கரைக்கு அப்பால் காத்திருக்கின்றன. கரை எங்கே உடைகிறதோ அங்கே உள்ளே வருகின்றன.

தட்டம்மையைப் போலப் பரவும் நோய்கள் மிகக் குறைவு. நோயாளி இருமிவிட்டுப் போன அறையின் காற்றில் இரண்டு மணி நேரம்வரை கிருமி உயிரோடிருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் அங்கே இருந்தால் ஒன்பது பேரைப் பிடிக்கும். அதனால்தான் நூற்றுக்கு 95 பேராவது பாதுகாப்போடு இருக்கவேண்டும் என்கிறார்கள். எண்பது பேர் என்பது தேர்வில் நல்ல மதிப்பெண்ணாக இருக்கலாம். தட்டம்மைக்கு அது திறந்த கதவு.

இலங்கை தட்டம்மையை ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023இல் அங்கே நோய் மீண்டும் பரவியது. மும்பையில் 2022இன் இறுதியில் கோவண்டி போன்ற நெரிசலான குடியிருப்புகளில் குழந்தைகள் இறந்தார்கள். அமெரிக்கா 2000ஆம் ஆண்டிலேயே தட்டம்மையை ஒழித்த நாடு. 2025இல் டெக்சாஸில் மட்டும் 762 பேருக்கு வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் இருவர் இறந்தனர். இருவரும் தடுப்பூசி போடாதவர்கள். ஒழித்த நாடு என்று 1998இல் பெயரெடுத்த கனடா, அதே 2025 நவம்பரில் அந்தத் தகுதியை இழந்தது.

தொண்டை அடைப்பானும் இப்படித்தான். சோவியத் ஒன்றியம் சிதறிய 1990களில் தடுப்பூசித் திட்டமும் அதனோடு சிதறியது. அந்தப் பத்தாண்டில் அந்நாடுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்நோய் வந்தது. சுமார் 5,000 பேர் இறந்தனர். ஒரு தலைமுறை மருத்துவர்கள் பாடப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த நோய் அது.

நம்பிக்கை 4: "அம்மை ஊசியால் ஆட்டிசம் வரும்."

உண்மை: பேச்சு வராது என்ற அந்த வாட்ஸ்அப் வீடியோவின் வேர் லண்டனில் இருக்கிறது. 1998 பிப்ரவரியில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் இருந்தவர்கள் வெறும் 12 குழந்தைகள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் போடும் ஊசியோடு அவர்களுடைய வளர்ச்சிக் குறைபாடு தொடங்கியதாக ஒரு சந்தேகத்தை அது கிளப்பியது.

பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் தோண்டத் தோண்ட ஒவ்வொன்றாக வெளிவந்தது. தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்கத் தயாரான வழக்கறிஞர்களிடமிருந்து வேக்ஃபீல்டு பணம் பெற்றிருந்தார். குழந்தைகளின் மருத்துவக் குறிப்புகளும் கட்டுரையில் சொல்லப்பட்டவையும் ஒத்துப்போகவில்லை. 2004இல் உடனெழுதியவர்களில் பத்துப் பேர் அந்த முடிவிலிருந்து விலகிக்கொண்டார்கள். 2010இல் லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மருத்துவர் பட்டியலிலிருந்தே அவர் பெயர் நீக்கப்பட்டது.

அதன்பிறகு அந்தச் சந்தேகத்தைச் சோதித்த ஆய்வுகள் பல. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வு, ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வேறுபாடு இல்லை என்று கண்டது.

அப்படியானால் ஊசிக்குப் பிறகுதானே பிள்ளையின் பேச்சு நின்றது என்று ஒரு தாய் கேட்பது ஏன்? பொய் சொல்லவில்லை அவர். ஆட்டிசத்தின் அடையாளங்கள் கண்ணில் படத் தொடங்குவதே ஒன்று முதல் இரண்டு வயதுக்குள்தான். இந்த ஊசியின் தவணைகளும் ஏறக்குறைய அந்த வயதில்தான் விழுகின்றன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஒன்றுக்குப் பின் ஒன்று வந்ததால், ஒன்றினால் ஒன்று வந்ததாகிவிடாது.

பின்வாங்கிய கட்டுரை பின்வாங்காத பயத்தை விட்டுச் சென்றது. இங்கிலாந்தில் இரண்டு வயதுக் குழந்தைகளில் இந்த ஊசி போட்டவர்கள் 2003-04இல் 80 விழுக்காடாகச் சரிந்தார்கள். அந்தக் காலத்தில் ஊசியைத் தவறவிட்ட குழந்தைகள் வளர்ந்து பள்ளியில் இருந்தபோது, 2012-13இல் வேல்ஸின் ஸ்வான்சி வட்டாரத்தில் தட்டம்மை வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தனர்.

நம்பிக்கை 5: "பெண் பிள்ளைக்குப் போட்டால் பிற்காலத்தில் கரு தங்காது."

உண்மை: இந்த வதந்தி ஊருக்கு ஊர் உடை மாற்றிக்கொண்டு வரும். நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் 2003இல் போலியோ சொட்டு மருந்தைப் பற்றி இதே பேச்சு கிளம்பியது. மாதக்கணக்கில் சொட்டு மருந்து நின்றது. அங்கிருந்து கிளம்பிய போலியோ கிருமி ஏறக்குறைய 20 நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது, தொலைதூர இந்தோனேசியா உட்பட.

நம் ஊர் ஊசியில் இருப்பவை வலுவிழக்கச் செய்யப்பட்ட தட்டம்மைக் கிருமியும் ரூபெல்லாக் கிருமியும். இரண்டும் கருத்தரிக்கும் திறனைக் கெடுப்பதில்லை. அந்த ஊசி கருவைக் காப்பதற்கும் சேர்த்தே போடப்படுகிறது. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் கரு கலையலாம். பிழைத்துப் பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, செவிட்டுத்தன்மை, இதயக் கோளாறு வரலாம். 1941இல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் வரிசையாக வருவதைப் பார்த்து அவர்களின் தாய்மாரை விசாரித்தார். பெரும்பாலோருக்குக் கர்ப்ப காலத்தில் ரூபெல்லா வந்திருந்தது. இன்று ஒன்பது மாதப் பெண் குழந்தைக்குப் போடும் ஊசி, இருபத்தைந்து ஆண்டு கழித்து அவள் வயிற்றில் வளரப்போகும் குழந்தையின் கண்ணையும் காதையும் காக்கிறது.

நம்பிக்கை 6: "ஊசி போட்டுக் குழந்தை இறந்ததைச் செய்தியில் பார்த்தோமே!"

உண்மை: பார்த்தது மெய். இதை மறைத்துப் பேசினால் மற்ற எதையும் யாரும் நம்பமாட்டார்கள். எனவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

பசிபிக் பெருங்கடலில் சமோவா என்றொரு சிறு நாடு. மக்கள் சுமார் இரண்டு லட்சம். 2018 ஜூலையில் அங்கே ஒரே நாளில் இரண்டு குழந்தைகள், அம்மை ஊசி போட்ட சில நிமிடங்களில் இறந்தன. அந்தத் தடுப்பூசி பொடியாக வரும்; அதற்கென்றே தரப்படும் நீரில் கரைத்துப் போடவேண்டும். செவிலியர்கள் நீருக்குப் பதிலாக, காலாவதியான மயக்கமருந்து வகையொன்றைத் தவறுதலாகக் கலந்துவிட்டார்கள். மருந்துப் பொடியில் குற்றமில்லை. இரு செவிலியர்களுக்கும் ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

நீதிமன்றம் இதைச் சொல்வதற்கு ஓராண்டு ஆனது. அதற்குள் அரசு பல மாதங்கள் அந்த ஊசியை நிறுத்தி வைத்தது. பயம் வீடுவீடாகப் போனது. தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் அதற்கு எண்ணெய் ஊற்றினார்கள். முதல் தவணை போட்ட குழந்தைகள் அந்த ஆண்டு ஏறக்குறைய 31 விழுக்காடு மட்டுமே. 2019இல் தட்டம்மை தீவுக்குள் வந்தது. நவம்பரில் நெருக்கடிநிலை அறிவித்துப் பள்ளிகளை மூடினார்கள். டிசம்பர் 5, 6 ஆகிய இரு நாட்கள் அரசு அலுவலகங்களை அடைத்து, ஊழியர்களையே தடுப்பூசிக் குழுக்களோடு அனுப்பினார்கள். ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். தெருவெங்கும் சிவப்புத் துணிகள். பயந்து ஒதுங்கிய அதே மக்கள், குழுக்களின் வரவுக்காக வாசலில் காத்திருந்தார்கள்.

கணக்கு முடிந்தபோது 5,700க்கும் மேற்பட்டோருக்கு நோய். 83 பேர் இறந்திருந்தனர். பெரும்பாலும் ஐந்து வயதை எட்டாத பிள்ளைகள். அதே காலத்தில் தட்டம்மை எட்டிய பக்கத்துத் தீவு நாடுகளான டோங்காவிலும் ஃபிஜியிலும் ஒருவரும் இறக்கவில்லை. அங்கே பிள்ளைகளுக்கு ஊசி போடப்பட்டிருந்தது.

இது தொலைதூரக் கதையென்று நாம் இருந்துவிட முடியாது. 2008 ஏப்ரலில் நம் திருவள்ளூர் மாவட்டத்தில், தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் ஒரே நாளில் இறந்தன. ஒரே வட்டாரத்தில் ஒரே நேரத்தில் இப்படி நடந்தால், கையாளுதலில் பிழை உண்டா என்றுதான் முதலில் தேடவேண்டும். அதன்பின் கிராமங்களுக்கே போய் ஊசி போடும் வழக்கம் நிறுத்தப்பட்டு, தாய்மார்கள் சுகாதார நிலையத்துக்கு வரவேண்டியதாயிற்று. தேசியக் குடும்பநல ஆய்வின்படி எல்லாத் தடுப்பூசிகளும் பெற்ற குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005-06இல் சுமார் 81 விழுக்காடு, 2015-16இல் 70. சரிவுக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் இதை ஒதுக்கிவிட்டும் பேச முடியாது. 2019-21 ஆய்வில் அது மீண்டும் 89க்கு ஏறியது. அந்த ஏற்றத்துக்குப் பின்னால் வெயிலில் வீடுவீடாக நடந்த செவிலியர்களின் கால்கள் இருக்கின்றன.

பிழைகள் சொல்லித் தந்தவை இன்று ஊசி போடும் மேசையிலேயே தெரியும். பேத்தியின் முறை வந்தபோது பக்கத்திலிருந்து பார்த்தேன். சுண்டுவிரல் உயரக் குப்பி. அதன்மேல் ஒரு வட்டம், வட்டத்துக்குள் வெளிறிய சதுரம். சதுரம் வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் மருந்து வெப்பத்தில் கெட்டிருக்கிறது என்று பொருள், குப்பையில் போடவேண்டும். கரைத்த நேரத்தைக் குப்பியின்மேல் பேனாவால் எழுதினார் செவிலியர். நான்கு மணி நேரத்துக்குமேல் அதை வைத்திருக்கக் கூடாது. ஒருமுறை அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும் ஊசிக்குழல். இன்னொரு பிள்ளைக்கு அதைப் பயன்படுத்தவே முடியாது. போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காரவைத்தார். இவற்றைக் கேட்டுப் பார்க்கும் உரிமை ஒவ்வொரு தாய்க்கும் உண்டு.

நம்பிக்கை 7: "பக்கவிளைவுகளை மறைக்கிறார்கள். ஊசிக்காரர்களுக்குப் பாதகமான ஆய்வு வெளியே வராது."

உண்மை: பக்கவிளைவுகள் உண்டு, அவை எழுதியே வைக்கப்பட்டிருக்கின்றன. அம்மை ஊசி போட்ட ஏழு முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் நூறில் ஐந்து முதல் பதினைந்து குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரலாம். சிலருக்கு லேசாகப் பொரியும். மூவாயிரம், நாலாயிரத்தில் ஒருவருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரலாம். பெற்றோரைப் பதறவைத்தாலும் பொதுவாக நிலையான பாதிப்பில்லாமல் தீரும். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சத்தில் ஒருவர் அளவுக்கு அரிது. அதற்காகத்தான் அந்த அரை மணி நேரக் காத்திருப்பு. கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பு மிகவும் குன்றியவர்களும் இந்த ஊசியைப் போடக்கூடாது. அப்படிப்பட்டவர்களைச் சுற்றியிருப்பவர்களின் ஊசிதான் காக்கவேண்டும்.

பாதகமான ஆய்வு வெளிவராது என்பவர்களுக்கு நம் மண்ணிலேயே பதில் இருக்கிறது. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், பி.சி.ஜி. ஊசி காசநோயைத் தடுக்கிறதா என்று ஒரு பெரும் சோதனை தொடங்கியது. பங்கேற்றவர்கள் சுமார் 2,60,000 பேர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அதில் இருந்தன. கிடைத்த விடை அவர்களுக்கே அதிர்ச்சி: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. 1979இல் அதை அப்படியே உலகுக்குச் சொன்னார்கள். சிறு குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது காப்பதால்தான் இன்றும் பிறந்தவுடன் பி.சி.ஜி. போடுகிறோம். அமெரிக்காவில் 1999இல் ஒரு ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து, அரிதாகக் குடல் செருகலை உண்டாக்குவது தெரிந்ததும் சந்தையிலிருந்தே எடுக்கப்பட்டது. குறை கண்டால் சொல்லும் துறை என்பதற்கு இவையே சான்று.

நம்பிக்கை 8: "ஊசி போட்ட பிள்ளைக்கும்தான் வந்தது."

உண்மை: வரலாம். இரண்டு தவணை போட்டால் நூறில் 97 பேருக்குப் பாதுகாப்பு. மூன்று பேர் விடுபடுவார்கள். கணக்குக்காக ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். 980 பேர் இரண்டு தவணை போட்டவர்கள், 20 பேர் போடாதவர்கள். எல்லோருக்கும் கிருமி எட்டினால், போட்டவர்களில் சுமார் 29 பேருக்கு வரும். போடாதவர்களில் 18 பேருக்கு வரும். பாருங்கள், ஊசி போட்டவர்களுக்கே அதிகம் வந்திருக்கிறது என்று ஒருவர் வீடியோ எடுத்துவிடலாம். அவர் சொல்லாமல் விடுவது இதை: போட்டவர்களில் நூற்றுக்கு மூன்று பேர், போடாதவர்களில் பத்துக்கு ஒன்பது பேர்.

ஒரு தவணையோடு நிறுத்திவிடுவதும் இங்கேதான் தவறாகிறது. ஒன்பது மாதத்தில் போடும் முதல் தவணை எல்லாக் குழந்தைகளிடமும் பிடிப்பதில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி சிலரிடம் மிச்சமிருந்து குறுக்கிடும். அந்த இடைவெளியை அடைப்பது 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் இரண்டாம் தவணை. வேலை மாறியோ, ஊர் மாறியோ, பிள்ளைக்குச் சளி என்றோ அதைத் தவறவிட்ட குடும்பங்கள் ஏராளம். ஐந்து வயதுக்குள் அரசு சுகாதார நிலையத்தில் அதைப் போட்டுக்கொள்ளலாம், முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை.

நம்பிக்கை 9: "படிக்காதவர்கள்தான் தடுப்பூசிக்குப் பயப்படுகிறார்கள்."

உண்மை: 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடும் முகாம் தொடங்கியது. வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. ஒப்புதல் கையொப்பம் போட மறுத்தவர்களில் நகரத்துத் தனியார் பள்ளிப் பெற்றோர்கள் நிறையப் பேர், பட்டதாரிகள். முகாமின் காலத்தை நீட்டிக்க வேண்டியிருந்தது. 1950களில் பி.சி.ஜி. ஊசியை எதிர்த்துத் துண்டுநூல் எழுதியவர் ராஜாஜி. நாட்டின் தலைமை ஆளுநராகவும் சென்னை மாகாண முதல்வராகவும் இருந்தவர். வேக்ஃபீல்டு ஒரு மருத்துவர்.

படிப்பு மட்டுமே பயத்தைப் போக்காது. நம்பத்தக்க ஒருவர் பக்கத்தில் இல்லாதபோது படித்தவரும் கையிலிருக்கும் கைபேசியையே நம்புகிறார். எதிர்ப்பவர்கள் என்று ஒரே கூடையில் எல்லோரையும் போடவும் கூடாது. வேலைநாளில் கூலியை விட்டு வர முடியாத தாய்க்கு வேண்டியது அறிவுரை அல்ல, அவள் வரக்கூடிய நேரத்தில் திறந்திருக்கும் கதவு. கேள்வி இருப்பவருக்கு வேண்டியது பதில். தெரிந்தே பொய் பரப்பிப் பணமும் பெயரும் பார்ப்பவர்கள் மிகச் சிலர். கோபத்தை அவர்களுக்காக வைத்துக்கொள்வோம்.

வீட்டில் செய்யக்கூடியவை

பீரோவில் எங்கோ கிடக்கும் தடுப்பூசி அட்டையை இன்று எடுத்துப் பாருங்கள். இரண்டாம் தவணைக் கட்டத்தில் தேதி இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த புதன் போய்விடுங்கள். லேசான சளி, இருமல் தடையில்லை. குழந்தைக்குப் பெரிய நோயோ முன்பு ஒவ்வாமையோ இருந்தால் முதலில் சொல்லுங்கள். குடும்பக் குழுவில் பயமுறுத்தும் வீடியோ வந்தால், அனுப்பியவரை எல்லார் முன்னாலும் மடக்காமல் தனியே கூப்பிட்டுப் பேசுங்கள். அவரும் பிள்ளைகள் நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் அனுப்பியிருப்பார்.

அடுத்த புதன் பேத்தியின் அட்டையில் விடுபட்ட ஒரு முத்திரைக்காக மறுபடி அங்கே போகவேண்டியிருந்தது. வேப்பமரத்தடியில் அந்த இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மாமியார், மடியில் பேரனை வைத்துக்கொண்டு. செவிலியர் சென்ற வாரம் போலவே பெஞ்சில் வந்து அமர்ந்தார். மாமியார் நிறையக் கேட்டார். செவிலியர் ஒன்றையும் தட்டிக்கழிக்கவில்லை. காய்ச்சல் வரலாம் என்பதையும் மறைக்கவில்லை. பெயர் கூப்பிட்டதும் மாமியாரே பேரனைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். பிள்ளை வீறிட்டு அழுதான். முந்தானையால் அவன் கண்ணைத் துடைத்துவிட்டுச் செவிலியரிடம் கடைசியாக ஒரு சந்தேகம் கேட்டார்.

"இன்னைக்கு இவனுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தலாமா தாயி?"

"தாராளமா ஊத்துங்கம்மா."